பம்பரில் நாலு வட்டம்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் கிஃபாயத்துல்லாவின் அலுவலகம். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பரிசோதித்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை தரும் சர்வேயர் அவர். துளசிராமன் படியேறிப் போனபோது, உடைந்த லாரி போல்ட் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்தது.

"உட்காருங்க தம்பி. முதல்ல தலையைத் துவட்டுங்க."

துளசிராமன் துவட்டவில்லை. "என் கார்ல ரிவர்ஸ் சென்சார் இருக்கு. அன்னைக்கு அது சத்தம் போட்டுச்சா, இல்லையான்னு தெரியணும்."

"என்னைக்கு?"

"என் மனைவி செத்த அன்னைக்கு."

கிஃபாயத்துல்லா போல்ட்டை மேசைமேல் வைத்தார். மூலையில் ஒயர்ச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்த ஸ்டீவனின் கையும் நின்றது. ஸ்டீவன் பக்கத்துத் தெருவில் கார் எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன். சிக்கலான கேஸ் என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவான்.

துளசிராமன் சொன்னான். பலமுறை சொல்லிப் பழகிய குரல். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, வேப்பம்பட்டில் அவன் வீட்டு வாசல். கார் முன்மூக்கு வீட்டைப் பார்த்து நின்றது. பின்னால் எடுத்துத்தான் வெளியே போக வேண்டும். மனைவி செண்பகம் பின்சக்கரங்களுக்குப் பின்னால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். கேட் ஓரம் போய் நின்று கையசைத்தாள். அவன் குனிந்து கியரைப் போட்டான். கண்ணாடியில் பார்த்தபோது யாரும் தெரியவில்லை. வண்டியை எடுத்தான்.

"தொண்ணூற்றெட்டு மாடல் வண்டி. சென்சார் நாங்க ரெண்டு வருஷம் முன்னாடி திருவள்ளூர்ல போட்டது. பின்னால ஏதாவது இருந்தா கத்தும். கத்தினா நிறுத்திடுவேன். எப்பவும் அதை நம்பித்தான் ஓட்டறது."

"அன்னைக்குக் கத்துச்சா?"

"ஞாபகம் இல்லை."

"யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுப் பார்த்து, யோசிச்சுப் பார்த்து, இப்ப ரெண்டும் கேக்குது. கத்தின மாதிரியும் இருக்கு, கத்தாத மாதிரியும் இருக்கு." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லிட்டாங்க. மோட்டார் இன்ஸ்பெக்டரும் வண்டியைப் பார்த்துட்டு சென்சார் நல்லா இருக்குன்னு எழுதிட்டார். முதல் நாள் எங்களுக்குள்ள சண்டை. தீபாவளிக்கு அவங்க அப்பா வீட்டுக்குப் போறதைப் பத்தி. அதையெல்லாம் சேர்த்து, நான் வேணும்னே ஏத்திட்டேன்னு மாமனார் புகார் குடுத்திருக்கார். திங்கட்கிழமை கொலை கேஸா மாத்தப் போறாங்க."

"ஜெயிலுக்குப் பயந்து வந்தீங்களா?"

"இல்லை சார். அது கத்தியும் நான் நிறுத்தலையான்னு தெரியணும். அவ்வளவுதான்."

ஸ்டீவன் எழுந்தான். "பாய், பழைய வண்டி, வெளியில வாங்கின சென்சார் கிட்டு. எனக்கு இப்பவே தெரிஞ்சிபோச்சு."

"போன வாரம் லாரி கேஸ்லயும் இதையேதான் சொன்னே. டெஸ்டரை எடுத்துக்கினு வா."

*

காவல் நிலையத்து முற்றத்தில் மணல் லாரிகளுக்கு நடுவே அந்த வெள்ளைக் கார் நனைந்துகொண்டு நின்றது. அன்று முதல் அங்கேயேதான் நிற்கிறது. துளசிராமன் சற்றுத் தள்ளியே நின்றான்.

பின் பம்பரில் வரிசையாக நாலு கறுப்பு வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ரூபாய் நாணயம் அளவு. ஸ்டீவன் ரிவர்ஸ் கியரைப் போட்டான். உள்ளே 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து அடங்கியது. பிறகு அவன் பீப் ஒலிப்பானின் ஒயரைக் கழற்றிவிட்டு, பின்னால் வந்து மண்டியிட்டு, ஒவ்வொரு வட்டத்தின் மேலும் விரல் வைத்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"உயிரோட இருந்தா உள்ள டிக்டிக்குனு அடிச்சிக்கினு இருக்கும் சார். இது அடிக்குது. இதுவும் அடிக்குது. இதுவும்..." இடது ஓரத்து வட்டத்தில் வெகுநேரம் காதை வைத்திருந்தான். பிறகு பம்பருக்கு அடியில் கையை விட்டு இணைப்பைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினான். பின்களில் பச்சைக் களிம்பு. "மாட்னான்டா! செத்துப்போன சென்சார். ரப்பர் மூடி போடாம மாட்டிக்கீறான் அந்தக் கடைக்காரன். தண்ணி பூந்து அரிச்சிடுச்சு."

துளசிராமனுக்கு ஒரு கணம், ஒரே கணம், ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"அவங்க விழுந்தது எந்தப் பக்கம்?" என்றார் கிஃபாயத்துல்லா.

"வலது சக்கரத்துக்கிட்ட."

"ஸ்டீவா, வலது பக்கம் போய்க் குனி."

ஸ்டீவன் ஒலிப்பானின் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டுப் போய்க் குனிந்தான். கார் கத்தியது. முதலில் விட்டுவிட்டு, அவன் நெருங்கியதும் இடைவெளியே இல்லாமல், ஒரே நீட்டாக. துளசிராமன் காதைப் பொத்திக்கொண்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் வராந்தாவிலிருந்து சொன்னார்: "பாத்துட்டீங்களா பாய்? இதைத்தான் நாங்களும் பாத்தோம். செத்த ஆளே எழுந்து உட்கார்ற மாதிரி கத்துது."

"ஸ்பாட்ல எடுத்த போட்டோ இருக்கா சார்?"

ஃபைலில் இருந்தது ஜெராக்ஸ் நகல். வண்டியின் பின்புறம். கிஃபாயத்துல்லா அதைக் கண்ணருகே பிடித்து, காரைப் பார்த்து, மறுபடி அதைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கப்புறம் பம்பருக்கு ஏதாவது பெயின்ட் அடிச்சீங்களா?"

"இல்லை சார். அன்னைக்கே வண்டியை இங்க கொண்டு வந்துட்டாங்களே."

"போட்டோவுல பம்பர் ரொம்ப வெளுப்பா இருக்கு."

"வெள்ளை வண்டி வெளுப்பாத்தான் பாய் இருக்கும்," என்று சிரித்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

கிஃபாயத்துல்லா சிரிக்கவில்லை. வலது ஓர வட்டத்தைச் சுற்றியிருந்த ரப்பர் இடுக்கில் குண்டூசியை விட்டு எதையோ நெம்பினார். மஞ்சளாக ஒரு பொருக்கு. அதைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இவங்க வீட்டைப் பார்க்கணும்."

*

வீட்டில் துளசிராமன் எதையும் துடைக்கவில்லை, எதையும் நகர்த்தவில்லை. தையல் மிஷின் சக்கரத்தில் சந்தனப் பொட்டு. கேஸ் அடுப்பின் திருகுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. மிக்ஸி பொத்தானில், சைக்கிள் விளக்கில், டி.வி. ரிமோட்டின் சிவப்புப் பட்டனில்கூட. ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு குங்குமம். ஒரு மாதம் ஆகியும் ஒன்றுகூட உதிரவில்லை.

"நீங்களும் கூட இருந்து வெச்சீங்களா?"

"இல்லை சார். பூஜை அன்னைக்கு எனக்குக் காக்களூர்ல கம்பெனி பூஜை. இருட்டினப்புறம்தான் ட்ரெயின் பிடிச்சு வந்தேன். மறுநாள் காலையில வீட்டு வாசல்லேருந்து நேரா டிரைவர் கதவுக்குப் போனேன்."

பக்கத்து வீட்டு சுகிர்தா கதவருகே வந்து நின்றாள். கிஃபாயத்துல்லா அவளிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சும்மா?"

"நான் பொய் சொல்லல ஐயா. பீப்னு கேட்டுச்சு. என் புள்ளைங்கமேல சத்தியமா கேட்டுச்சு."

"எத்தனை தடவை?"

அவள் யோசித்தாள். "ஒரு தடவைதான். அப்புறம் அந்தப் பொண்ணு கத்துனதுதான்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பழம் ஒண்ணு நசுங்காம சாக்கடை ஓரம் கெடந்துது. வலது பக்கத்துப் பழம். உருண்டுபோயிருக்கும் போல. அதை எடுத்து வெக்கத்தான் திரும்ப வந்திருக்குது."

சமையலறை மேடையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். அடியில் சந்தனம் காய்ந்து ஓடுபோல் இறுகியிருந்தது. ஸ்டீவன் நகத்தால் கீறிப் பார்த்தான். "இன்னா சார் இது, சிமென்ட் மாதிரி கீது?"

"மைதா மாவு காய்ச்சி கலந்திருக்கா," என்றான் துளசிராமன். "போன வருஷம் வெச்ச பொட்டு ரோட்டுலயே உதிர்ந்துடுச்சுன்னு அவளுக்கு வருத்தம். இந்த வருஷம் எப்படி உதிருதுன்னு பாக்கறேன்னா."

ஸ்டீவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிஃபாயத்துல்லா அவன் தோளை அழுத்தினார். கிண்ணத்திலிருந்து ஒரு துண்டைக் கீறி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

"தம்பி, நாளைக்கு ஸ்டேஷனுக்கு உங்க மாமனாரையும் வரச் சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லலாம்."

"வேண்டாம் சார். எல்லார்கிட்டயும் ஒண்ணா சொல்லுங்க. ரெண்டு தடவை கேக்க என்னால முடியாது."

*

மாமனார் அருணாச்சலம் கும்மிடிப்பூண்டி இரும்பு ரோலிங் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மழைக்கோட்டைக் கழற்றாமலே முற்றத்தில் நின்றார். மருமகன் பக்கம் திரும்பவே இல்லை.

"சீக்கிரம் சொல்லு பாய். இவன் மூஞ்ச பாத்துக்கினு என்னால நிக்க முடியாது."

"பக்கத்து வீட்டம்மா கேட்ட சத்தம் நிஜம்," என்று தொடங்கினார் கிஃபாயத்துல்லா. "ஆனா அது எச்சரிக்கை இல்லை. ரிவர்ஸ் போட்டதும், நான் முழிச்சுக்கிட்டேன்னு இந்தக் கிட்டு ஒரு தடவை பீப் போடும். ஆள் இருந்தா நிறுத்தாம கத்தணும். அது கத்தல."

"அப்ப சென்சார் ரிப்பேரா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணு ரிப்பேர்தான். ஆனா அது இடது கோடி. ஸ்டீவன் அதைப் பிடிச்சதும் நானும் ஏமாந்திருப்பேன். வலது பக்கத்துக்கு அதால பதில் கிடைக்காது. இப்ப இந்தப் போட்டோவைப் பாருங்க. வெள்ளைப் பம்பர்ல நாலு கறுப்பு வட்டம் தெரியணும். ஒண்ணுகூடத் தெரியல. அந்த இடத்துல கடுகு மாதிரி நாலு புள்ளிதான் இருக்கு. அந்தக் காலையில வட்டங்களை ஏதோ மூடியிருந்துச்சு. ஸ்டீவா, காட்டு."

ஸ்டீவன் முந்தைய இரவே வலது பக்க வட்டங்கள் இரண்டிலும் மைதா கலந்த சந்தனத்தைத் தடிமனாக அப்பிக் காயவைத்து, மேலே தார்ப்பாய் போட்டிருந்தான். தார்ப்பாயை விலக்கினான். கியர் விழுந்தது. ஒரு 'பீப்'. ஸ்டீவன் பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து நின்றான்.

கார் கத்தவில்லை.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்டீவன் பக்கெட் தண்ணீரை ஊற்றித் தேய்த்தான். சந்தனம் கரைந்து ஓடியதும் கார் அலற ஆரம்பித்தது.

"இந்த வட்டம் அதிர்ந்து சத்தத்தை வெளியே அனுப்பும், திரும்பி வர்றதைக் கேக்கும்," என்றார் கிஃபாயத்துல்லா. "மேல ஓடு மாதிரி பசை இறுகிட்டா அதிர முடியாது. யாரும் இல்லைன்னு நினைச்சுக்கும். மோட்டார் இன்ஸ்பெக்டர் சோதிக்கறதுக்குள்ள ஒரு வாரம் மழை கழுவிடுச்சு. இடுக்குல இருந்த துளியும் வீட்டுக் கிண்ணத்துல இருந்ததும் ஒரே கலவை; சந்தனமும் மைதாவும். ஜெராக்ஸ்ல சந்தனம் வெள்ளையா விழுந்து, குங்குமம் மட்டும் புள்ளியா நிக்குது. பின்னாடி பொட்டு இருந்ததை அன்னைக்கு எல்லாரும்தான் பார்த்தாங்க. ஆயுத பூஜை வண்டியில பொட்டு இருந்தா யாருக்கு உறுத்தும்?"

துளசிராமன் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்திருந்தான். கத்தல. கிடைத்துவிட்டது. எதுவும் லேசாகவில்லை. முன்பு ஒரு கதவாவது மூடியிருந்தது. இப்போது அதுவும் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

அருணாச்சலம் காரின் பின்னால் போய் நின்றார். கரைந்து வழிந்த மஞ்சள் தண்ணீர் அவர் செருப்பைச் சுற்றி ஓடியது.

"சின்ன புள்ளையில என்கூட மில்லுக்கு வரும்," என்றார், யாரிடமும் என்றில்லாமல். "பூஜை அன்னிக்கு. தூக்கிக்கினு ஒவ்வொரு மிஷினா காட்டுவேன். மிஷினுக்கும் கண்ணு கீதும்மா, வட்டமா எங்க இருக்குதோ அங்க பொட்டு வைன்னு நான்தான்..." நின்றார். தன் வலது கையைப் பார்த்தார். மோதிர விரல் பொட்டு வைப்பதுபோல் தானாக நீண்டது. "இதுல யாரு வெச்சது?"

கிஃபாயத்துல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேக்கறேன் இல்ல? யாரு வெச்சது?"

"நான்தான் வெச்சேன்," என்றான் துளசிராமன்.

ஸ்டீவன் திரும்பினான். "சார், நீங்க அன்னிக்கு கம்பெனில..."

"ஸ்டீவா," என்றார் கிஃபாயத்துல்லா, "ஒயரெல்லாம் சுத்தி வை."

"நான்தான் மாமா," என்றான் துளசிராமன் மறுபடியும். "அவ வேணாம்னா. அதுமேல வெக்காதீங்கன்னா. நான் கேக்கல."

அருணாச்சலம் அவனை அறைந்தார். சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து கையைப் பிடித்தார். கிழவர் திமிறிக்கொண்டு மறுபடி ஓங்கினார். "கூறு கெட்டவனே! படிச்சவன்தானேடா நீ? எம்பொண்ணுக்கு இருந்த அறிவுகூட உனக்கு இல்லியேடா! பாவி, கொன்னுட்டியேடா!"

"ஆமாம் மாமா."

"உன் மூஞ்சில இனி முழிக்க மாட்டேன். கேஸை எப்படியோ எழுதிக்குங்க சார். வேணும்னு பண்ணல இவன். மடையன். மடையன் பண்ண வேலை." அவர் கேட்டைத் தாண்டி, நிமிர்ந்து, வேகமாக, மழையில் நடந்து போனார். திட்டிக்கொண்டே போவது தெருமுனை வரை கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார். "விபத்துன்னு முடிச்சிடலாம். பொட்டு வெச்சது நான்னு கீழே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

துளசிராமன் எழுதினான். கிஃபாயத்துல்லா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் அறிக்கையில யார் வெச்சதுன்னு வராது தம்பி. என்ன வெச்சதுன்னு மட்டும்தான் வரும்." குடையை அவன் பக்கம் சாய்த்துக் கேட்டார்: "தாங்குவீங்களா? ஆயுசுக்கும் உங்களைத் திட்டுவாரு."

"திட்டட்டும் சார். திட்ட ஆள் இல்லாம போனா அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பார்."

பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தான்.