தினமும் பிந்தும் கடிகாரம்

பாட்டின் கடைசிச் சொல்லோடு மணி ஒலிக்க வேண்டும். தம்பிக்கு அவ்வளவுதான் வேலை. ஆனால் எல்லோரும் பாடி முடித்து, வாயை மூடி, மூச்சும் விட்ட பிறகுதான் அவனுடைய 'டிங்' ஆடி அசைந்து வரும். வகுப்பில் அவனுக்கு ஆமை என்றே பெயர்.

"நாளைக்குக் காலையில ஒரு தடவை பார்ப்பேன். அப்பவும் லேட்டுன்னா, சாயங்காலம் விழா மேடையில மணி அடிக்க வேற ஆள்தான்," என்றார் பாட்டு டீச்சர்.

தம்பி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அம்மாவின் அலுவலகத்துக்கு நடந்தான்.

அம்மாவுக்கு நேரம் காக்கும் வேலை. ஆனால் வீட்டுக்கு மட்டும் நேரத்தோடு வந்ததே இல்லை. அலுவலகத்தின் நிலத்தடி அறையில், கண்ணாடிக்கு அப்பால், அணுக் கடிகாரங்கள் இருந்தன. முள் இல்லை, டிக் டிக் இல்லை. வெறும் பெட்டிகள். கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் துடிப்பை அவை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தன. நீல விளக்கில் அந்த அறையே தூங்குவது போல இருந்தது.

"இதுல எதும்மா சரியான கடிகாரம்?" என்று கேட்டாள் அக்கா.

"தனியா எதுவும் இல்ல. எல்லாமே துளி முந்தும், துளி பிந்தும். பல நாட்டுக் கடிகாரங்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பாங்க. அதுதான் உலக நேரம். அந்த ஓரத்துப் பெட்டி இருக்கே, அது தினமும் பிந்தும்."

"திருத்தக் கூடாதா?"

"ஊஹூம், அதுமேல கையே வைக்க மாட்டோம். தினமும் ஒரே அளவுதான் பிந்துது. அந்த அளவைக் கணக்குல சேர்த்துக்கிட்டா, அதை அப்படியே நம்பலாம்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வேறு உலகத்தில் இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பாட, அவன் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினான். ஒவ்வொரு தடவையும் லேட். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு லேட்.

"ஏன்டா இப்படி?"

"அடிக்கறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை மனசுக்குள்ள ஒரு தடவை கேட்டுக்குவேன்," என்றான் தம்பி.

அக்காவுக்கு அவனைத் திருத்த மனம் வரவில்லை. "நல்லாக் கேட்டுக்கோ," என்றாள்.

மறுநாள் காலை அவள் டீச்சரிடம் போனாள். "டீச்சர், கடைசிச் சொல்லுக்கு முந்தின சொல்லிலேயே அவனைப் பார்த்துத் தலையாட்டுங்க. மீதியை அவன் பார்த்துக்குவான்."

டீச்சருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் பாட்டில் அந்தச் சொல் வந்ததும் தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார். தம்பி கண்ணை மூடினான். பாட்டு மெல்ல நகர்ந்து கடைசிச் சொல்லைத் தொட்டது.

டிங்.

அந்த ஒலி கரையும்வரை யாரும் அசையவில்லை. தம்பி பயந்துகொண்டே கண்ணைத் திறந்தான்.

"மறுபடியும் லேட்டா டீச்சர்?"

"இல்லடா கண்ணா," என்றார் டீச்சர். "சாயங்காலம் மணி உன் கையிலதான்."