காருக்குள் இன்னொரு சாவி

மெக்கானிக் அலெக்ஸ் அந்த விழுப்புரம் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. வீட்டுப் பெரியவள் கெங்கம்மாளின் பேத்தி அஸ்வினிக்கு அன்று நிச்சய தாம்பூலம். மயிலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. வாசலில் நின்ற வெள்ளைக் கார், பேத்திக்குக் கொடுக்கப்போகும் சீர்.

புதுக் கார் என்றுதான் கெங்கம்மாள் சம்பந்தி வீட்டில் சொல்லியிருந்தாள். திண்டிவனத்தில் ஒருவன் ஓட்டிய பழைய காரை வாங்கியது என்பது அவளுக்கும் மகன் ஜெகதீசனுக்கும் மட்டுமே தெரியும். கெங்கம்மாள் குடும்பத்துப் பெண் எவளும் பழைய பொருளோடு புகுந்த வீட்டுக்குப் போனதில்லை.

சாவி பக்கத்தில் வந்தாலே உணர்ந்து திறந்துகொள்ளும் கார் அது. ஆனால் கொஞ்ச நாளாக, சாவி பீரோவுக்குள் கிடக்கும்போதே கதவு திறந்துகொண்டது.

"பின்னால டவர் போட்டதுலேருந்துதான் இந்த பேஜாரு," என்றான் ஜெகதீசன்.

"டவர் அலை குறுக்க வந்தா சாவி பேசுறது காருக்குக் கேக்காதுண்ணே. தொறக்க மாட்டேன்னு அடம் பண்ணும். இது என்னடான்னா தானா தொறந்துக்குது." அலெக்ஸ் தன் கருவியைக் காரில் மாட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "கூட ஒரு சாவி குடுத்திருப்பாங்களே, எங்க?"

"தொலைஞ்சிடுச்சின்னான் வித்தவன்."

"தொலையலண்ணே. உள்ளதான் இருக்குன்னு காரு சொல்லுது."

சீட்டுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, டிக்கியில் எல்லாம் துழாவினான். இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது யாரு காரும்மா?" என்றான்.

"எங்க காரு," என்றாள் கெங்கம்மாள். "முடிஞ்சிதுன்னா கெளம்பு. அவங்க வர்ற நேரம்."

அவன் போனான். ஜெகதீசனும் விருந்தாளிகளை எதிர்கொள்ளத் தெருமுனைக்குப் போனான். வந்தவர்கள் எதிரில் கதவு தானாகத் திறந்தால் கேள்வி வரும். கேள்வி திண்டிவனம் வரைக்கும் போகும். கெங்கம்மாள் பீரோவிலிருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, அந்த இன்னொரு சாவியைத் தேட முன்சீட்டில் ஏறினாள். தான் துழாவுவதைத் தெரு பார்க்கக் கூடாதென்று கதவைச் சாத்தினாள்.

டொக்.

நாலு கதவும் பூட்டிக்கொண்டன. கைப்பிடியை இழுத்தாள், பிடிப்பில்லாமல் வந்து போனது. சாவியை அமுக்கினாள். பூட்டு திறந்தது. திறந்த வேகத்தில் மறுபடி விழுந்தது.

மீண்டும் அமுக்கினாள்.

மீண்டும் விழுந்தது.

அவள் அமுக்க அமுக்க, இன்னொரு கையும் அமுக்கியது.

கண்ணாடி ஏற்றிய காருக்குள் சூடு கட்டியது. அந்தச் சூட்டில் ஈரச் சேலையின் வாடை எழுந்தது. பிழியாமல் போட்டுவைத்த சேலை. பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

அதே நேரம் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

கண்ணாடியைத் தட்டினால் போதும், ஓடி வந்து உடைத்திருப்பார்கள். ஆனால் சீர் காருக்குள் சிக்கிக்கொண்டு அலறும் கிழவியை மயிலமே பேசும். கெங்கம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். முதுகை நிமிர்த்தினாள். உள்ளே விரும்பி உட்கார்ந்திருப்பவள்போலக் கை குவித்தாள்.

மாப்பிள்ளையின் தாய் அன்புச்செல்வி சிரித்துக்கொண்டே கும்பிட்டாள். பிறகு கொஞ்சம் தலை சாய்த்து இன்னொரு தரம் கும்பிட்டாள்.

கெங்கம்மாளுக்கு அல்ல.

எல்லோரும் உள்ளே போன பிறகுதான் பூட்டு தானாக விடுபட்டது. அவள் இறங்கினாள். பின்சீட்டைப் பார்க்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்து ஜமுக்காளத்தில் அமர்ந்தாள். தட்டு மாற்றினார்கள். சந்தனம் பூசினார்கள்.

"வண்டி நல்லா இருக்குது சம்பந்தி," என்றாள் அன்புச்செல்வி. பிறகு காதோரம் குனிந்தாள். "உங்க பின்னால உக்காந்துக்கினு இருந்துச்சே ஒரு பொண்ணு, அது ஏன் எறங்கல? தாம்பூலம் குடுக்காம விட்டுட்டீங்களே. யாரு அது?"

யாருமில்லை என்று சொல்லலாம். அப்புறம் வண்டியைப் பற்றிப் பேச்சு வரும். கெங்கம்மாள் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ணுதான்," என்றாள்.

வாசலில் கார்க் கதவு திறந்து மூடியது.

அன்புச்செல்வி அவள் தோளுக்கு மேலே பார்த்து முகம் மலர்ந்தாள். "வந்துட்டியா! வாம்மா, பாட்டி பக்கத்துலயே உக்காரு."

கெங்கம்மாள் திரும்பவில்லை.

அவளை ஒட்டி ஜமுக்காளம் மெல்ல அழுந்தியது.