பதினாலாம் நம்பர் மிஷின்

ட்ரிங்... ட்ரிங்...!

பெங்களூர் மல்லேஸ்வரம் ஸாஃப்ட்வேர் அலுவலகத்தில் அனுஷாவின் செல்போன் அலறியது.

"அனுஷா... நான் நோரா மிஸ். காக்ஸ் டவுன் ஸ்கூல், கம்ப்யூட்டர் டீச்சர்."



"சொல்லுங்க மிஸ். உங்க ஸ்கூல் பசங்ககிட்ட நாங்க எடுத்த ஆன்லைன் ஸர்வே ஃபைல் வந்துச்சா? பதிலெல்லாம் கலைஞ்சு கிடந்தது. டீச்சர்ஸ் படிக்க வசதியா, ஒரே மாதிரி பதிலை எல்லாம் ஒண்ணா அடுக்கிட்டேன்."

"படிச்சேன்மா... 'ஸ்கூல்ல உனக்கு எது பயம்?'ங்கிற கேள்விக்கு ஒரு பிள்ளை எழுதியிருக்கு. 'லேப் உத்தமன் அண்ணன் மாடியிலேர்ந்து தவறி விழலை. வைஸ் பிரின்ஸிபல் தள்ளினார். நான் பார்த்தேன்.'"

அனுஷாவின் காபி கீபோர்டில் சிந்தியது.

போன வாரம் செத்துப்போன லேப் அட்டெண்டர் உத்தமன்! விபத்து என்று எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றிய உத்தமன்!

"நாம பேரே கேக்கலையே மிஸ். யார் எழுதினாங்கன்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல மிஷின் நம்பர் போட்டிருக்கியே! எங்க லேப்ல ரோல் நம்பர்தான் மிஷின் நம்பர். பதினாலாம் நம்பர் பிள்ளை பதினாலாம் மிஷின்லதான் உட்காரும்!"

"ஐயோ... எனக்குத் தெரியாதே மிஸ்!"

"ஃபைல் வேற யாருக்குப் போச்சு?"



"வைஸ் பிரின்ஸிபல் வெங்கடசுப்ரமணியன் ஸாருக்கு... முதல்ல தனக்குத்தான் வரணும்னார். காலையிலேயே அனுப்பிட்டேன்."

அனுஷா போனைக் காதோடு அழுத்தினாள்.

"மிஸ்... பதினாலு யாரு?"

"ஸ்னேஹா. அவரோட சொந்தப் பொண்ணு! இப்பதான் க்ளாஸ்லேர்ந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார். நான் போலீஸைக் கூப்பிடறேன். ஒரிஜினல் ஃபைலோட நீ உடனே வா!"

அனுஷா லேப்டாப்பை அணைத்துக்கொண்டு ஆட்டோவில் பாய்ந்தாள்.

சிவாஜிநகரில் ஆட்டோ அசையவில்லை.

"அண்ணா, சீக்கிரம்! ஒரு உயிர்ண்ணா!"

"முன்னாடி பஸ்ஸு, பின்னாடி பஸ்ஸு. பறக்கிற ஆட்டோ இன்னும் வரல மேடம்!"

வானம் யாரோ பாதியில் மூடிவைத்த புத்தகம் போல் இருண்டு கிடந்தது. அந்தப் பெண்ணின் மிச்சப் பக்கங்கள்...? படிக்க வசதியாக இருக்கட்டும் என்று, நான்தான் அவளைக் காட்டிக் கொடுத்தேனா?

பள்ளி வாசலில் போலீஸ் ஜீப். "மொட்டை மாடிக்கு இழுத்துட்டுப் போயிட்டார்!" என்று மூச்சிரைக்கச் சொன்னபடி நோரா இன்ஸ்பெக்டர் சரளாவோடு மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தார். அனுஷா பின்னால் ஓடினாள்.

மொட்டை மாடிக் கதவருகே சரளா கையை உயர்த்தினார். மூவரும் உறைந்தார்கள்.

"சத்தியமா நான் எதையும் பார்க்கலைப்பா! ஒண்ணும் எழுதலைப்பா!"

ஸ்னேஹாவின் அழுகை.

"பொய் சொல்லாதே! நான் க்வெஸ்சின் பேப்பர் வித்தது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. வேற வழியில்லாமத்தான் தள்ளினேன். அப்ப நீ இங்கதானே இருந்தே?"



"அப்பா... நீங்களா...?"

சரளா கதவை எட்டி உதைத்தார்!

"நல்லாக் கேட்டுது ஸார். மகளோட கையை விடுங்க!"

வெங்கடசுப்ரமணியனின் பிடி தளர்ந்தது. ஸ்னேஹா நோராவின் தோளில் சரிந்தாள். விலங்கோடு படியிறங்கியவரை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

லேப்பில், சரளாவின் முன்னால் அனுஷா ஒரிஜினலைத் திறந்தாள். தான் அடுக்கிய ஃபைலைப் பக்கத்தில் வைத்தாள்.



"மேடம்... ஸ்னேஹா இதை எழுதவே இல்லை!"

"என்னது?"

"அடுக்கும்போது பதில் வரிசையை மட்டும் செலக்ட் பண்ணியிருக்கேன். பதிலெல்லாம் இடம் மாறிடுச்சு, மிஷின் நம்பரெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. ஒருத்தர் பதிலுக்குப் பக்கத்துல இன்னொருத்தர் நம்பர்! ஒண்ணுமே தெரியாத பொண்ணுகிட்டதான் அவர் எல்லாத்தையும் உளறியிருக்கார்."

"அப்ப நிஜமாப் பார்த்த பிள்ளை?"

ஒரிஜினலில் அந்த வரிக்குப் பக்கத்தில் வேறொரு எண். அனுஷா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவசியமா மேடம்? அவர்தான் தன் வாயாலேயே சொல்லிட்டாரே."

சரளா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"கோர்ட் கேட்டா நானே வந்து கேக்கறேன். அடுத்த தடவை தப்பு பண்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடும்மா... ஜீப்புக்கு டீசல் போட்டு வெச்சுக்கறேன்!"