அரை நொடி

செயற்கைக்கோளுக்கு மேலே போன கேள்வி கீழே இறங்கி, அதன் பதிலும் அதே வழியாகத் திரும்பி வர அரை நொடி பிடிக்கும். இருபது வருஷமாக அந்த அரை நொடியைக் கேட்டுக் கேட்டே பாம்புச்செவிக்குத் தலை நரைத்தது. ராணுவத் தகவல் நிலையத்தில் அவருக்கு வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

அன்று பனிமலைக் காவல் சாவடிகள் முப்பத்தொன்றையும் கம்பெனிக்காரனின் செயற்கைக்கோளிலிருந்து அரசாங்கத்தின் சொந்தச் செயற்கைக்கோளுக்கு மாற்றினார்கள். கடைசிச் சாவடியில் இருந்தவன் அவருடைய தம்பி.

"வந்துட்டோம்ணே," என்றான்.

இடைவெளியே இல்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து பேசியதுபோல் இருந்தது.

அரை நொடியைக் காணோம் என்று அதிகாரியிடம் சொன்னார். ஒழுகுகிற வாடகை வீட்டில் கிடந்தவனுக்குச் சொந்த வீட்டில் தூக்கம் வராதுதான் என்று சிரித்த அதிகாரி, பழைய லைன் காலி என்ற தாளை நீட்டினார். ஒரு மணிக்குக் கம்பெனிக்காரன் அறுத்துவிடுவான். பாம்புச்செவி கையெழுத்துப் போட்டார். அறையே எழுந்து சாப்பிடப் போனது.

ஜன்னலில்லாத அறை, ஏசியின் முனகல், சூடேறிய ஒயரின் வாடை, வரிசையாகக் காலி நாற்காலிகள், எதிரே கண்கொட்டாமல் முப்பத்தொரு பச்சை விளக்குகள். சந்தேகம் பல்லிடுக்கில் நாராகச் சிக்கியிருந்தது. சின்ன வயசில் தன் பல்லை உடைத்தது எது என்று புது லைனில் தம்பியைக் கேட்க வாயெடுத்தார்.

"சைக்கிள் ஹேண்டில்ணே."

கேள்வி இன்னும் அவர் வாய்க்குள்தான் இருந்தது.

வீட்டைக் காலி செய்தவன் கடைசியாக ஒருதரம் உள்ளே எட்டிப் பார்ப்பான் இல்லையா? பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பழைய லைனைத் திறந்தார். இரைச்சல். அதற்குள் பனிக்காற்று.

"அண்ணே, எங்களை எப்ப மாத்துவீங்க? காலையிலேருந்து கூப்பிடறேன்."

"எங்கடா இருக்கே?"

அரை நொடி.

"சாவடியிலதான். ஆன்டெனாவையே இன்னும் திருப்பலையே. ஒருத்தன் விழுந்துட்டான்ணே, ஆள் அனுப்புங்க."

இந்த லைன் போனால் அவர்களைத் தேடி ஈ காக்கா போகாது. அதிகாரிக்குப் போன் அடித்தார். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்.

ஒரு மணி.

இரைச்சல் அறுந்தது. ஏசியும் நின்றிருந்தது. பச்சை விளக்கு ஒன்றுகூட அணையவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யார்கிட்டண்ணே பேசினீங்க?"

பின்கழுத்தில் பனி.

பக்கத்து நாற்காலியின் மெத்தை, ஆள் உட்கார்ந்ததுபோல் அமுங்கியது. பிறகு அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது.