மூன்று போனும் ஒரு சஹனும்

எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் தேடிப் போவதில்லை. என் வீட்டு வாசல் எல்லா வீடுகளையும் பார்த்தபடி இருக்கிறது. அது வீடு கட்டிய மேசன் செய்த வேலை, என் குற்றமில்லை.

நேர் எதிரே ஸபீனாவின் வீடு. அங்கே அவளுடைய பிள்ளைகள், பதினொரு வயது நிஃப்லாவும் ராத்தா நிஸ்ரினும் இருக்கிறார்கள். ராத்தா என்றால் அக்கா. நிஸ்ரினுக்குக் கலியாணம் வைத்திருந்தார்கள், அடுத்த ஞாயிறு.

அவர்களுக்கு இடப்பக்கம் குலசேகரத்தார் வீடு. போர்க் காலத்தில் வன்னியிலிருந்து எத்தாளைக்கு வந்து, வெங்காயம் பயிரிட்டு, இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவருடைய மகள் சுதர்சனாவும் நிஃப்லாவும் வேறு வேறு பள்ளிக்கூடம். ஆனால் காலையில் ஒரே பஸ், ஒரே சீற். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் அந்த இடத்தில் புத்தகப் பையை வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

கலியாணத்தில் பெரிய வேலை, யார் யாருக்குச் சொல்வது என்ற பட்டியல்தான். ஸபீனா எத்தாளையில். நிஃப்லாவின் மாமி உம்மு குல்தூம் முந்தலில். சாச்சி, அதாவது சித்தி, அமானி கற்பிட்டியில். மூன்று பேருக்கும் மூன்று ஊர் நிறையச் சொந்தம். "அவங்களப் போட்டியா, இவங்களப் போட்டியா" என்று நாள் முழுக்கப் போனில் கத்தியதில், எனக்கே பாதிப் பட்டியல் பாடமாகிவிட்டது.

நிஃப்லாதான் ஒரு வழி சொன்னாள்.

"கம்பியூட்டர் பாடத்தில படிச்சம் உம்மா. ஒரே பட்டியல இன்டர்நெட்டில வைப்பம். மூணு பேரும் ஒங்கட ஒங்கட போனில எடுத்து எழுதலாம். கத்தத் தேவையில்ல."

"கத்தாம எப்பிடிக் கலியாணம் செய்யிற?" என்றாள் ஸபீனா. ஆனாலும் சம்மதித்தாள்.

எங்கள் பக்கத்தில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆகவே ஒவ்வொருவரும் பட்டியலைத் தம் போனுக்குள் இறக்கி வைத்துக்கொண்டார்கள். ஆறுதலாக எழுதினார்கள். சிக்னல் வந்ததும் "சேமி" என்பதை அழுத்தித் திரும்ப ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை உம்மாவின் போனில் நிஃப்லா முதல் பெயரை எழுதினாள். "குலசேகரம் அங்கிள் வீடு. நாலு பேர். கோழி மட்டும்." அவர்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய் பின்னேரம், இன்டர்நெட்டிலிருந்து எடுத்த பட்டியலோடு நூஹு காக்கா சைக்கிளில் வந்தார். காக்கா என்றால் அண்ணன். கலியாணத்துக்கு ஆள் வந்து வாயால் சொன்னால்தான் எங்கள் ஊரில் அழைப்பு. சொல்லும் வேலை நூஹு காக்காவுடையது. பட்டியலைப் பார்ப்பார், மணி அடிப்பார், மூன்று ஒழுங்கைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வார். பட்டியலில் இல்லாத வீடு அவர் கண்ணுக்கு வெறும் காணி.

என் வீட்டில் சொன்னார். அடுத்து குலசேகரத்தார் வீடு. சுதர்சனா தலை சீவிப் பொட்டு வைத்துக் கேற்றடியில் நின்றாள். நூஹு காக்கா பட்டியலைப் பார்த்தார், பெடலை மிதித்தார், அதற்கடுத்த வீட்டில் போய் மணி அடித்தார்.

சுதர்சனா உள்ளே போய்க் கேற்றைச் சாத்தினாள். அந்தக் கேற் அவ்வளவு மெதுவாகச் சாத்தப்பட்டு நான் கேட்டதே இல்லை.

நிஃப்லா செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"காக்கா, சுதர்சனா வீட்ட விட்டுட்டீங்க."

"பட்டியல்ல இல்லயே மகள். நீயே பாரு."

பார்த்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை. வீட்டுக்கு ஓடி, உம்மாவின் போனை எடுத்து, பட்டியலின் அடியில் மறுபடி எழுதி ஏற்றினாள். "நாளைக்குச் சொல்லுங்க காக்கா" என்றாள்.

மறுநாள் புதுப் பட்டியலோடு நூஹு காக்கா வந்தார். என் வீட்டில் பிளேன்ரீ குடித்தார். பட்டியலைப் பார்த்தார். குலசேகரத்தார் வீட்டை இரண்டாம் தரமும் தாண்டிப் போனார்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று பேரிடம் மட்டும்தான் சொன்னேன்.

வியாழன் காலை கிளினிக்குக்காகக் கற்பிட்டி பஸ்ஸில் போனேன். சுதர்சனா முன் சீற்றில் ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்து இடத்தில் புத்தகப் பை. நிஃப்லா வந்தும் அவள் பையை எடுக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டா பஸ்ஸில் போக முடியும்?

"நான் ஒங்கட பேர எழுதினன் சுதா. ரெண்டு தரம் எழுதினன்," என்றாள் நிஃப்லா, கம்பியைப் பிடித்து நின்றபடி.

"எழுதினா எப்பிடி இல்லாமப் போகும்?"

"தெரியா."

"எனக்குத் தெரியும். உங்கட வீட்டில ஆரோ அழிக்கினம். எங்களுக்குச் சொல்ல விருப்பமில்லாட்டி சொல்லாம விடுங்கோ. எழுதினன் எண்டு பொய் சொல்லாத."

நிஃப்லா கற்பிட்டி வரை நின்றுகொண்டே போனாள். பின்னால் நாலு சீற் காலியாக இருந்தது.

அன்று பின்னேரம் ஸபீனாவின் வீட்டில் போன் கொதித்தது. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்கள், ஆகவே இதிலும் என் குற்றமில்லை.

"மச்சி, குலசேகரம் வீட்ட ஆரு அழிச்ச?" என்று கேட்டாள் ஸபீனா.

"நானா? என்ட டெய்லர் வீட்டயும் காணல்ல. அத ஆரு அழிச்ச?" என்றது முந்தல்.

"என்ட புருஷன் பக்கத்து ஏழு வீடு போயிட்டு. ஏழு. நான் வாய் திறந்தனா?" என்றது கற்பிட்டி.

மூன்று பேரும் எழுதியதாகச் சத்தியம் செய்தார்கள். மூன்று பேரும் அழிக்கவில்லை என்றும் சத்தியம் செய்தார்கள்.

"நீங்களே போய்ச் சுதர்சனா வீட்டுக்குச் சொல்லுங்க உம்மா," என்றாள் நிஃப்லா.

"ரெண்டு தரம் தாண்டிப் போன வாசலுக்கு எந்த முகத்தோட போற? ஏன் விட்டீங்கண்டு கேட்டா என்னத்தச் சொல்ற?"

கடைசியில் ஸபீனா ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத வேண்டும். எழுத முதல் "நான் எழுதுறன்" என்று எல்லாருக்கும் குரல் பதிவு அனுப்ப வேண்டும். முடிந்ததும் "முடிஞ்சி" என்று அனுப்ப வேண்டும். அதுவரை மற்றவர்கள் தொடக்கூடாது.

நல்ல சட்டம். அன்று மாலை ஐந்து மணிக்கு மாமி "நான் எழுதுறன்" என்று அனுப்பினாள். பிறகு திரைச்சீலை வாங்கச் சிலாபம் போய்விட்டாள். "முடிஞ்சி" வரவே இல்லை. ஸபீனா காத்திருந்தாள். சாச்சி காத்திருந்தாள். நூஹு காக்கா பட்டியலுக்காகச் சைக்கிளில் சாய்ந்து காத்திருந்தார். ஒரு சொல்லுக்காக மூன்று ஊர் மறுநாள் வரைக்கும் சும்மா இருந்தது.

நிஃப்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேற்றுக்குப் போனாள், வந்தாள், பக்கத்து வீட்டைப் பார்த்தாள், மறுபடி போனாள். பார்த்துப் பார்த்து எனக்கே கால் வலித்தது.

வெள்ளிக்கிழமை பகல், பலகாரம் பொதி செய்ய மாமியும் சாச்சியும் எத்தாளைக்கு வந்தார்கள். ஸபீனாவின் கிண்ணம் ஒன்று மூன்று மாதமாக என்னிடம் இருந்தது. அன்றைக்குத்தான் திருப்பிக் கொடுக்கத் தோன்றியது.

"இரிங்க அக்னஸ், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க," என்றாள் ஸபீனா. நான் எவ்வளவோ மறுத்தேன், ஒரு தரம்.

பாயில் சஹன் வந்தது. பெரிய வட்டத் தட்டு, நிறையச் சோறு, நடுவில் பொரித்த கோழி. சுற்றி ஆறு பேர்: ஸபீனா, மாமி, சாச்சி, நிஸ்ரின், நிஃப்லா, நான். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மாமிதான் மூத்தவள். அவள் கோழியைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். மற்றவர்கள் நடுவில் கை வைக்கவில்லை. அவரவர் தம் முன்னால் இருந்த சோற்றைத்தான் பிசைந்தார்கள்.

நிஃப்லாவின் கை பாதி வழியில் நின்றது. ஆறு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாச்சி," என்றாள். "மாமிட பக்கத்தில ஒரு வாய் எடுங்க."

"சீ, அது அவட பங்கு. கை நீட்டி எடுக்கிறதா?"

"ஒரு தட்டில ஆறு பேர் சாப்பிடுறம். ஒரு கையும் முட்டல்ல. ஒரு பட்டியல்ல மூணு பேர் எழுதி ஏன் சண்ட?"

கையைக் கழுவிவிட்டு ஓடினாள். மூன்று பேரின் போனையும் வாங்கிப் பாயில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் இறக்கி வைத்திருந்த பட்டியலைத் திறந்தாள்.

உம்மாவின் போனில் குலசேகரத்தார் இருந்தார், டெய்லர் இல்லை. மாமியின் போனில் டெய்லர் இருந்தார், ஏழு வீடு இல்லை. சாச்சியின் போனில் ஏழு வீடும் இருந்தது, குலசேகரத்தார் இல்லை.

"ஆரும் அழிக்கல்ல," என்றாள் நிஃப்லா. "நான் எழுதுறதுக்கு முதலே மாமி பழைய பட்டியல இறக்கி வெச்சிட்டாங்க. சாச்சியும் அப்பிடித்தான். பிறகு ஏத்தினா, அது எங்கடதுக்கு மேல போய் இருந்திட்டு. ஆரு கடைசியா ஏத்தினாங்களோ அவங்கட மட்டும் மிச்சம்."

"வெளங்கல்ல மகள்," என்றாள் மாமி.

"இந்தச் சஹன மாதிரி மூணு சஹன் இருக்கு மாமி. ஆளுக்கொண்ட வீட்டுக்குக் கொண்டு போறீங்க. நீங்க ஒங்கடதுக்குள்ள அச்சாறு போடுறீங்க. உம்மா உம்மாடதுக்குள்ள சம்பல் போடுறாங்க. கொண்டு வந்து இங்க வைக்கக்குள்ள, முதல் இருந்த சஹன எடுத்திட்டு ஒங்கடத வைக்கிறீங்க. உம்மாட சம்பல் எங்க?"

மாமி ஸபீனாவைப் பார்த்தாள். ஸபீனா சாச்சியைப் பார்த்தாள். பிறகு மூன்று பேரும் சோற்றைப் பார்த்தார்கள்.

"நான் வேற, நாலு நாளா ஒன்னத் திட்டிட்டு இருந்தன்," என்றாள் சாச்சி ஸபீனாவிடம்.

"நான் அஞ்சு நாள்," என்றாள் மாமி.

அன்று நிஃப்லா பட்டியலைப் புதிதாகச் செய்தாள். உம்மாவுக்கு ஒரு தாள், மாமிக்கு ஒரு தாள், சாச்சிக்கு ஒரு தாள். அவரவர் அவரவர் தாளில்தான் எழுத வேண்டும். மற்றவர் தாளைப் பார்க்கலாம், தொடக்கூடாது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. மூன்றையும் சேர்த்து நூஹு காக்காவுக்குக் கொடுக்கும் வேலை, கோழி பிய்ப்பது மாதிரி, ஒரே ஒருவருக்கு. அது நிஃப்லா.

சேர்க்கும்போது பார்த்தால், என் பெயர் மூன்று தாளிலும் இருந்ததாம். இரண்டை வெட்டிவிட்டாள்.

"குலசேகரம் வீட்ட நூஹு காக்காட தாளில போடாத," என்றாள் மாமி. "நாங்க மூணு பேரும் போய்ச் சொல்லுவம்."

போனார்கள். நான் என் வாசலைக் கூட்டினேன். ஏற்கெனவே இரண்டு தரம் கூட்டியிருந்தேன்.

குலசேகரத்தார் கதிரைகளை எடுத்துப் போட்டார். பெரியவர்கள் உள்ளே கதைத்தார்கள். சுதர்சனா வெளியே தூணோடு நின்றாள். நிஃப்லா மூன்று போனையும் அவள் முன்னால் பிடித்து, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

சுதர்சனா ஸபீனாவின் போனை வாங்கி, திங்கட்கிழமை எழுதிய அந்த முதல் வரியைப் பார்த்தாள்.

"கோழி மட்டும் எண்டு நீயா போட்டனீ?"

"ஓம்."

"முதல் பேரா?"

"ஓம்."

சுதர்சனா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "எங்கட வீட்டில அஞ்சு பேர். மாமாவும் வந்திருக்கிறார்," என்றாள்.

நிஃப்லா உம்மாவை அழைத்தாள். "உம்மா, ஒங்கட தாளில நால அஞ்சாக்குங்க. அது நான் தொடக்கூடாது."

கலியாணத்தன்று கோழிச் சஹன் ஒன்றில் நிஃப்லா, சுதர்சனா, அவளுடைய அம்மா, இன்னும் இரண்டு பேர், ஆறாவதாக நான். சுதர்சனாவுக்கு சஹன் முதல் தரம். நிஃப்லா கோழியைப் பிய்த்துப் பெரிய துண்டை அவள் முன்னால் வைத்தாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பாள்.

பக்கத்துச் சஹனில் மாப்பிள்ளை வீட்டார் ஏதோ கதைத்தார்கள். நான் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தேன். கை தன்பாட்டில் சோற்றை எடுத்துக்கொண்டிருந்தது.

"அக்னஸ் அன்ட்டி," என்றாள் சுதர்சனா மெதுவாக. "இது என்ர பக்கம். உங்கட முன்னால இருக்கிறதச் சாப்பிடுங்கோ."

இரண்டு பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்துச் சிரித்தார்கள். நானும் திரும்பி, என் முன்னால் இருந்ததைச் சாப்பிட்டேன். ஆகவே பக்கத்துச் சஹனின் கதை எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. பாதிதான் கேட்டது.