வால் மாற்றிய முப்பத்தெட்டுப் படங்கள்

வியாழனின் நிலவான கலிஸ்டோவில் ஒன்பது வருடத் தூக்கம் கலைந்து எழுகிறவருக்கு முதலில் கால் தம்ளர் வெந்நீர் கொடுப்பார்கள். பிறகு ஒரு சுவருக்கு முன்னால் உட்காரவைத்து, "உங்கள் விளையாட்டு எது?" என்று கேட்பார்கள். சரியாகக் காட்டினால் குடியேற்றத்துக்குள் போகலாம். காட்டத் தெரியாவிட்டால், வந்த கப்பலிலேயே இன்னொரு ஒன்பது வருடம் தூங்கிக்கொண்டு பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான். இதை அங்கே யாரும் கொடுமை என்று நினைப்பதில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதைப் போன்ற சாதாரண விஷயம்.

உறைதுயில் மூளையில் முதலில் கைவைப்பது கண்ணால் கண்ட நினைவுகளில்தான். ஆகவே கப்பல் ஏறுமுன் ஒவ்வொரு பயணியும் ஒரு மாதம் ஒரே ஒரு பழைய ஆர்கேட் விளையாட்டை ஆடித் தீர்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டு மனிதர்கள் காசு போட்டு ஆடிய பெட்டி விளையாட்டுகள் அவை. பெட்டிகள் துருப்பிடித்து ஒழிந்து நெடுநாளாயிற்று. 'பாவனைப்பொறி' என்ற மென்பொருள் தன்னை அந்தப் பெட்டியாகவே எண்ணிக்கொண்டு அவற்றை ஓட்டும். அதற்கு முன்னால் நிற்பது 'முகப்பு'. அறுநூற்று நாற்பது விளையாட்டுகளின் படங்களையும் சுவரில் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டுவது அதன் வேலை. எழுந்தவர் தன் விளையாட்டின் படத்தைத் தொட வேண்டும். தேர்வு அவ்வளவுதான்.

முகப்புக்குப் பொறுப்பாளர் ஞானசிகாமணி. பதினைந்து வருட அனுபவம். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒருமுறை பூமியிலிருந்து வந்த படங்கள் திறக்க மறுத்தபோது, கோப்புப் பெயர்களின் கடைசியில் ஒட்டியிருக்கும், படத்தின் வகையைச் சொல்லும் வாலை மட்டும் மாற்றி ஐந்தே நிமிடத்தில் சரிசெய்தார். அதற்காகக் குடியேற்ற மன்றத்தில் அவருக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். உண்மையில் அன்றைக்கு வந்தவையும் பழைய வகைப் படங்களே. வாலை மட்டும் பூமியில் எவரோ நீளமாக எழுதிவிட்டிருந்தார். அது சிகாமணிக்குத் தெரியாது. வாலை மாற்றினால் படமும் மாறிவிடும் என்று மனிதர் நம்பிவிட்டார்.

இந்தமுறை வந்த கப்பலுக்கு முன்னால் பூமி முப்பத்தெட்டுப் புதுப் படங்களை அனுப்பியிருந்தது. அவை 'சுருள்படம்' என்ற புதிய வகை. நம் முகப்போ கிழடு. அதற்கு 'விரிபடம்' ஒன்றுதான் தெரியும். ஒழுங்காகச் செய்வதென்றால் ஒவ்வொன்றையும் பிரித்து, வேறு வகையில் எழுதி, சுவரில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. சிகாமணி முப்பத்தெட்டின் வாலையும் வெட்டி வேறு வால் ஒட்டினார். சுவரின் மேல்வரிசையை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அங்கே இருந்தவை பழைய படங்கள், பளிச்சென்று தெரிந்தன. 'அனைத்தும் சோதிக்கப்பட்டன' என்று ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

கப்பலில் எழுபது பேர் வந்தார்கள். அறுபத்தொன்பது பேருடைய விளையாட்டுகள் பழைய படங்களுக்குள் இருந்தன. எழுபதாமவர் மங்கையர்க்கரசி, ஐம்பத்திரண்டு வயது. மகள் நிறைமதி பதினொரு வருடங்களாகக் கலிஸ்டோவின் கண்ணாடித் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். மகளோடு கடைசிவரை இருந்துவிடுவது என்று வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்தவர் அவர். கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு பூசணிக்காய் பொறுக்கும் வாத்து ஒன்று அவருடைய விளையாட்டு.

மங்கையர்க்கரசி சுவரை மேலும் கீழும் தேடினார்.

"வாத்தைக் காணோமே. அங்கங்க சில கட்டம் கறுப்பா இருக்கு."

தேர்வை நடத்துவது ஒன்பது என்ற மருத்துவ ரோபோ. அது சுவரைப் பார்ப்பதில்லை, பெயர்ப் பட்டியலைத்தான் படிக்கும். பட்டியலில் அறுநூற்று நாற்பதும் இருந்தன.

"கறுப்புக் கட்டம் எதுவும் இல்லை, அம்மா. உங்கள் காட்சி நினைவு சிதைந்திருக்கலாம். இனிமேல் உங்கள் மூளை இல்லாததைக் காட்டும், இருப்பதை மறைக்கும். கண்ணை நம்ப வேண்டாம். மூன்றாம் நாள் மறுதேர்வு."

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார் மங்கையர்க்கரசி, ரோபோவைப் பார்த்து. "எனக்கு இந்த மெஷினெல்லாம் அவ்வளவா பழக்கமில்ல."

அன்று மாலையே நிறைமதி சிகாமணியின் அறைக்கு வந்தாள்.

"அண்ணே, அம்மா கறுப்பா தெரியுதுன்னே சொல்றாங்க. சுவர்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமோ?"

"சுவர் நல்லாத்தாம்மா இருக்கு. அறுபத்தொன்பது பேருக்குத் தெரிஞ்சது இவங்களுக்கு மட்டும் தெரியலன்னா என்ன அர்த்தம்?"

"வேற எதுவும் பண்ணிப் பார்க்க முடியாதாண்ணே?"

"அம்மாவை மறுபடி ஒருதரம் தூங்கவச்சு எழுப்பிப் பார்க்கலாம். பாதிப் பிரச்சினை அதுலயே சரியாயிடும்," என்று சொல்லிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஏனோ அந்தக் குனிந்த தலை சிகாமணியை உறுத்தியது. கதவைச் சாத்திக்கொண்டு முகப்பைத் திறந்து, பதினைந்து வருடங்களில் முதன்முறையாகக் கடைசி வரிசைவரை போய்ப் பார்த்தார். முப்பத்தெட்டுக் கட்டங்கள் கறுப்பாக இருந்தன. திறக்க முடியாத படத்துக்கு முகப்பு ஒரு முணுமுணுப்புகூடக் காட்டாமல் கறுப்பைப் போட்டிருந்தது. அதன் கீழே விளையாட்டின் பெயரும் கிடையாது. சுவரில் எழுத்து வைக்கும் வழக்கமே இல்லை.

ஒரு கோப்பைப் பிரித்து உள்ளே பார்த்தார். வால் 'விரி' என்றது, உள்ளே இருந்தது சுருள். காது இரண்டும் கொதித்தன. அந்தப் பொன்னாடை நினைவுக்கு வந்தது. அதைப் போர்த்திக்கொண்டு கைதட்டல் வாங்கிய தன் முகம் நினைவுக்கு வந்தது. இருந்த இடத்திலேயே பூமிக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது. கலிஸ்டோவில் அதற்கும் வழியில்லை, தரையெல்லாம் உலோகம்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டால் மறுதேர்வில் அந்த அம்மா தேறிவிடுவார், யாருக்கும் நஷ்டமில்லை, தன் மானமும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முப்பத்தெட்டையும் முறையாக விரிபடமாக எழுதினார். வாத்து வந்தது. மழையும் குடையும் பூசணிக்காயும் வந்தன. அப்பாடா என்றிருந்தது. ஆனால் முகப்பு, திருத்தி எழுதப்பட்ட கோப்புகளைச் சுவரின் மேல்வரிசைகளுக்குத் தூக்கிவிடும் பழக்கமுள்ளது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே நேரத்தில் விருந்தினர் கூடத்தில் வேறொரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மங்கையர்க்கரசி தன் கண் போய்விட்டது என்றே முடிவுகட்டியிருந்தார். மகளுக்குப் பாரமாக வந்துவிட்டோமே என்று யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தார். கூட வந்த பயணிகளோ நம் மக்கள். தேர்வு என்று ஒன்று இருந்தால் அதற்குக் குறுக்குவழி கண்டுபிடிக்காமல் விடுவார்களா? சுவரில் படங்களை அடுக்கும் வரிசையிலேயே இருக்கும் பெயர்ப் பட்டியலைத் தேடிப் பிடித்து எண்ணிப் பார்த்து, வாத்து இருக்கும் இடம் ஏழாவது வரிசை மூன்றாவது கட்டம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

"எது தெரிஞ்சாலும் கண்டுக்காதீங்கம்மா. ஏழு, மூணு. அவ்வளவுதான்."

இரண்டு நாளும் அந்த அம்மாள் சாப்பிடும்போதும் ஏழு, மூணு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை மறுதேர்வு. நிறைமதி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். சிகாமணியும் தற்செயலாக வந்தவரைப்போலப் பக்கத்தில் நின்றார். சுவர் ஒளிர்ந்தது. முதல் வரிசையில், மங்கையர்க்கரசியின் முகத்துக்கு நேர் எதிரே, குடையோடு வாத்து நின்றது.

அவர் பார்த்தார். கண்கள் விரிந்ததை எல்லாரும் கண்டார்கள். கைகூட அதை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார். கண்ணை நம்பாதே என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே. திறந்ததும் வரிசைகளை விரலால் எண்ணி, ஏழாவது வரிசை மூன்றாவது கட்டத்தைத் தொட்டார். அங்கே ஏதோ குண்டு போடும் விமானம் இருந்தது.

"தவறு," என்றது ஒன்பது. "நாளை கப்பல் புறப்படுகிறது."

"மன்னிச்சுக்குங்க," என்று அந்த அம்மாள் மறுபடியும் சொன்னார். "உங்க எல்லாருக்கும் என்னால சிரமம்."

சிகாமணிக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"நிறுத்துங்க. அவங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. முந்தாநாள் சுவர் கறுப்பாத்தான் இருந்துச்சு. படத்தை மாத்தாம பேரோட வாலை மட்டும் மாத்தினது நான். சோதிச்சேன்னு எழுதினது பொய். தெரிஞ்ச பிறகும் இந்தப் பொண்ணுகிட்ட மறைச்சதும் நான்தான். திருட்டுத்தனமா சரிபண்ணினேன், இடம் மாறிப்போச்சு. எல்லாம் என் தப்பு."

நிறைமதி அவரைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. சுவரைப் பார்த்து நின்றார்.

"இருக்கட்டும் தம்பி," என்றார் மங்கையர்க்கரசி மெதுவாக. "எனக்காகப் பழியைத் தலையில போட்டுக்காதீங்க. என் கண்ணுதான் சரியில்ல."

தன்னால் கெட்டவர் தனக்கே சமாதானம் சொல்வதைக் கேட்டபோது சிகாமணிக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய கோப்புகளையும் புதிய கோப்புகளையும் ஒன்பது ஒப்பிட்டுப் பார்த்தது. பிறகு பேசியது.

"சுவர் பழுதானது உண்மை. அம்மாவின் கை முதலில் வாத்தை நோக்கிப் போனதையும் கேமரா பதிவு செய்திருக்கிறது. கண் முன்னால் விடை தெரிந்தும் அதை விட்டுவிட்டு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். பிறர் பிழைக்குத் தானே மன்னிப்பும் கேட்டார். என்னிடம் உள்ள எல்லா அட்டவணைகளின்படியும் இது முழுமையான, ஆரோக்கியமான மனித மூளை. அம்மா, நீங்கள் உள்ளே போகலாம்."

நிறைமதி ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். சிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நழுவப் பார்த்தார். ரோபோவின் கை அவருக்குக் குறுக்கே நீண்டது.

"நீங்கள் உட்காருங்கள். என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு வருடப் பழுதுப் பதிவுகள் இருக்கின்றன. நாற்பத்தோராயிரம் பழுதுகள். அத்தனையிலும் காரணம் 'பயன்படுத்தியவர் தவறு' என்றுதான் எழுதியிருக்கிறது. 'தவறு என்னுடையது' என்று யாரும் கேட்காமலே சொன்ன பொறுப்பாளர் ஒருவர்கூட இல்லை. இது மூளைக் கோளாற்றின் தீவிரமான அறிகுறி. சொன்னதைத் திரும்பப் பெறுகிறீர்களா?"

சிகாமணி கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். தாயும் மகளும் கைகோர்த்துக்கொண்டு நடைகூடத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பப் பெற்றால் பதிவில் மறுபடியும் 'பயன்படுத்தியவர் தவறு' என்றாகும். அந்த அம்மாளைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

"இல்ல," என்றார். "என் தப்புதான்."

"அப்படியானால் நாளைக் கப்பலில் காலியான இடம் உங்களுக்கு," என்றது ஒன்பது. அதன் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "கவலைப்படாதீர்கள். இதற்கு இங்கே மருந்தில்லை. பூமியில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஆறு மாதம் வேலை பாருங்கள், தானாகவே குணமாகிவிடும்."