கடப்பாக்கத்துக் கொல்லையில் இரண்டு ஏர் ரைஃபிள்கள்

"சார், என் துப்பாக்கியைக் கெடுத்தவ பேரு சிநேகா. நிரூபிச்சுக் குடுங்க, போதும்" என்று சொல்லிக்கொண்டேதான் வினிதா திருப்போரூரில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

துப்பறிவாளர் வாசுதேவன் நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளர் ஜெயப்பிரியாவுக்கோ கை பரபரத்தது. குற்றவாளியின் பெயரோடு வரும் வழக்கு தினமுமா கிடைக்கிறது!

வினிதாவுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. மனசெல்லாம் ஏர் ரைஃபிளில். ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணித் தேர்வு. அவளுடைய ரைஃபிள் கிளப்பில் இரண்டு உயர்ரகத் துப்பாக்கிகளைக் கொடுத்து, எது கைக்குப் படிகிறதோ அதை எடுத்துக்கொள் என்றிருந்தார்கள். ஒன்று ஸ்பிரிங் வகை. இன்னொன்று காற்றடைத்த சிலிண்டர் வகை.

"காலையில சிநேகாவும் நானும் கொல்லையில மணல் மூட்டை அடுக்கி ரெண்டையும் சுட்டுப் பாத்தோம். ஸ்பிரிங்தான் சூப்பர். நான் கடைக்குப் போயிட்டு வந்தேன். அப்போ வூட்ல எங்க நைனாவும் அவளும்தான். அவ கிளம்பினப்புறம் சுட்டா, பட்டாசு மாதிரி வெடிக்குது! குண்டு மேல மேல போவுது. ஒண்ணு பக்கத்து வூட்டுத் தண்ணி டேங்குலயே பொத்தல் போட்டுடுச்சு."

"அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?"

"போன்ல கத்திட்டேன். 'நான் பண்ணல. வேற எதுவும் சொல்லமாட்டேன்'னா. இன்னிக்குச் சாயங்காலம் கிளப்ல புகார் குடுத்தா டீம்லேருந்தே தூக்கிடுவாங்க. காலேஜ்லேருந்து ஒண்ணா சுடறோம் சார்."

"புகாருக்கு முன்னால் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம்" என்று எழுந்தார் வாசுதேவன்.

கடப்பாக்கத்தில் வினிதாவின் வீட்டு இரும்புக் கேட் சத்தமே போடாமல் திறந்தது. ஜெயப்பிரியாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. கடற்கரைப் பக்கம் அவள் பார்த்த கேட்டெல்லாம் துரு பிடித்துக் கத்துகிறவைதான். வினிதாவின் அப்பா இருசப்பன், சொந்தப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர், சிரித்த முகமாக வந்தார். "வாங்க சார், கொழம்பு கொதிச்சிகினு கீது. சாப்ட்டுட்டுதான் போவணும்."

கொல்லையில் மேசைமேல் இரண்டு துப்பாக்கிகளும் கிடந்தன. அடேயப்பா, என்ன அழகு! சிலிண்டர் ரைஃபிளை வினிதா சொல்லிக்கொடுத்தபடி ஜெயப்பிரியா சுட்டுப் பார்த்தாள். அதிர்வே இல்லை. வாழ்க்கையில் முதல் குண்டு, அட்டையின் நடுவட்டத்தில்! "என்னையே சுட வெச்சிடுச்சே!" என்று குதித்தாள்.

வாசுதேவன் ஸ்பிரிங் ரைஃபிளின் வால்நட் மரக் கட்டையைத் தடவினார். "அது சமர்த்து, யார் சுட்டாலும் சொன்னபடி கேட்கும். இது ரோஷக்காரி. சுடுகிறவர் கை சுத்தமாக இருந்தால்தான் மசியும். காலை அட்டையைப் பார்த்தேன், இதில் ஒரே ஓட்டையில் சுட்டிருக்கிறீர்களே அம்மா, பெரிய கை உங்களுக்கு!"

"குறி பார்க்கும் திருகைத்தான் சிநேகா திருப்பியிருக்கணும்" என்று அவசரப்பட்டாள் ஜெயப்பிரியா.

"திருகின்மேல் முத்திரையாகப் போட்ட பெயிண்ட் உடையவே இல்லையே. குறியை மாற்றியிருந்தால் குண்டெல்லாம் தள்ளிப்போய் ஒரே இடத்தில் விழும். அப்புறம் சுட்ட அட்டையில் சிதறியிருக்கிறது. ஸ்பிரிங்கைக் கெடுத்திருந்தால் வேகம் குறைந்து கீழே போகும். இது மேலே போயிருக்கிறது. எங்கிருந்தோ கூடுதல் வேகம் வந்திருக்கிறது. மோந்து பார்."

மோந்தவளுக்குப் படகுத்துறைதான் ஞாபகம் வந்தது. கருகிய எண்ணெய் வாடை!

வாசுதேவன் சிநேகாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார். அவள் வந்தாள், ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. வினிதாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்த வீட்டில் கேட், மோட்டார், கொடிக்கம்பி எதிலும் துரு இல்லை. யார் கைவேலை?" என்று இருசப்பனைக் கேட்டார் வாசுதேவன்.

"நம்ம கைதான்!" இருசப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "உப்புக்காத்து இரும்பத் தின்னுடும் சார். பாப்பா கொண்டாந்த ரெண்டுக்கும் நல்லா எண்ண வுட்டேன். அந்த மரக்கட்ட துப்பாக்கில சின்ன ஓட்ட ஒண்ணு கீது, அதுலகூட."

"அந்த ஓட்டைக்குப் பின்னால் பிஸ்டன் இருக்கிறது. ஸ்பிரிங் அதைத் தள்ளும்போதுதான் காற்று நசுங்குகிறது. சிலிண்டர் வகையில் முன்னாலேயே அடைத்த காற்று, சுடும்போது நசுங்குவதில்லை. அதனால் எண்ணெய் பட்டும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது சொல்லுங்கள், உங்கள் படகு எஞ்சின் டீசல் எப்படிப் பற்றுகிறது? நெருப்புப் பொறிக்கு பிளக் இருக்கிறதா?"

"அதுக்கு இன்னாத்துக்கு பிளக்கு? காத்த நசுக்கினா சூடாவும், எண்ண தானா பத்திகினு... அய்யய்யோ! துப்பாக்கிய என்ஜினா ஆக்கினது நானா?"

"நீங்கள்தான். உள்ளே எண்ணெய் பற்றி வெடித்துத்தான் குண்டு எகிறியிருக்கிறது. கிளப் மெக்கானிக் பிரித்துத் துடைக்கட்டும், அதுவரை யாரும் சுட வேண்டாம். குற்றம் என்று ஒன்றும் இங்கே இல்லை." வாசுதேவன் கேட் பக்கம் திரும்பினார். "ஆனால் அம்மா, எதுவும் சொல்லமாட்டேன் என்றீர்களே. தெரியாதவர்கள் தெரியாது என்றுதான் சொல்வார்கள்."

சிநேகா தலை குனிந்தாள். "காலையில இவ அப்பா எண்ணெ வுட்டதைப் பாத்தேன் சார். நல்லதுக்குத்தான்னு நெனச்சேன். இவ போன்ல வெடிக்குதுன்னு கத்தினப்பதான் வெளங்குச்சு. பொண்ணோட துப்பாக்கின்னு அவ்ளோ ஆசையா தொடச்சிகினு இருந்தாரு. அவர் பேர நான் எப்படிச் சொல்றது?"

இந்தப் பெண்ணையா குற்றவாளி என்று நினைத்தோம் என்று ஜெயப்பிரியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. வினிதா ஓடிப்போய் சிநேகாவின் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்பதற்குள் அழுதுவிட்டாள்.

"உள்ள வாடி" என்றாள் கடைசியில். "கொழம்பு ஆறிடும்."